விதைத்தவர்களையும் சொல்லுங்கள்

மைக்ரோசாப்ட்டை சத்யா நாதெல்லா ஒற்றை ஆளாகக் கரை சேர்த்தார் என்கிறது அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இந்தக் கணக்கை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. அவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தது 2014 பிப்ரவரியில். இணையம் வழியே கணினி வசதியை வாடகைக்குத் தரும் மைக்ரோசாப்ட்டின் அஸூர் சேவை 2010-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு குழுவிலும் சிலரைக் கடைசித் தரத்தில் தள்ளியே தீர வேண்டும் என்ற கொடுமையான மதிப்பீட்டு முறையைக் கைவிட்டதும் அவருக்கு முன் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர் காலத்தில்தான், 2013 நவம்பரில். அறுவடை செய்தவரைப் பாராட்டும்போது விதைத்தவர்களையும் சொல்ல வேண்டாமா?

நாதெல்லாவிடம் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று: தவறிப்போனதை விட்டுவிடும் துணிவு. நோக்கியா கைபேசிப் பிரிவை வாங்கும் முடிவு அவர் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. 2015 ஜூலையில் அந்த வகையில் சுமார் 760 கோடி டாலரை நட்டமாகக் கணக்கில் எழுதினார். கௌரவம் பார்த்து இன்னும் சில ஆண்டுகள் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பலரும் அதைத்தான் செய்வார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல இயங்குதளமான லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001-ல் பால்மர் சொன்ன அதே நிறுவனம், திறந்த மூல நிரல்கள் பெருமளவில் பகிரப்படும் கிட்ஹப் தளத்தை 2018-ல் 750 கோடி டாலருக்கு வாங்கியதும் இந்த மனமாற்றத்தின் தொடர்ச்சிதான்.

ஆனால் 2015-ல் அந்த முடிவோடு சேர்த்து 7,800 பேர் வரை வேலைநீக்கம் அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் மேலும் 10,000 பேர். வெற்றிக் கதையை இவ்வளவு விரிவாக எழுதிய கட்டுரையாளர், இவர்களுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.