டோல்ட் வேண்டுமென்றால் முதலில் குதிரையை நடக்க விடுங்கள்

ஐஸ்லாந்துக் குதிரையில் ஏறும் எல்லோருக்கும் ஒரே அவசரம்: சீக்கிரம் அதை டோல்ட் என்ற குலுங்காத ஓட்டத்தில் ஓட்ட வேண்டும். ஆசை நியாயமானதுதான். டோல்ட்டில் எந்த நொடியிலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். குதிரை மேலெழும்பி விழுவதில்லை என்பதால் சேணத்தில் இருப்பவருக்குக் குலுக்கலே தெரியாது. ஒரு கையில் பீர் நிரம்பிய குவளையை ஏந்திக்கொண்டு சிந்தாமல் ஓட்டிக்காட்டும் போட்டிகூட உண்டு.

ஆனால் இந்த அவசரத்தில் பலர் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. லகானை இறுக்கிப் பிடித்துத் தலையைத் தூக்க வைத்து, குதிகாலால் உதைத்து உதைத்து டோல்ட்டைப் பிடுங்கி எடுக்கிறார்கள். தலை மேலே போனால் முதுகு குழிந்துவிடும். முதுகு குழிந்தால் பின்கால்கள் வயிற்றுக்கு அடியில் வந்து எடையைத் தாங்காது. பார்க்க டோல்ட் மாதிரிதான் இருக்கும், காதுதான் காட்டிக்கொடுக்கும்.

தார்ச்சாலையில் லாடச் சத்தத்தைக் கேளுங்கள். இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால்: த, க, தி, மி. நான்கும் சம இடைவெளியில் விழுந்தால் சுத்தமான டோல்ட். ‘தக... திமி...’ என்று ஒரே பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொண்டால் குதிரை பேஸ் ஓட்டத்துக்கு, அதாவது ஒரு பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்தே விழும் ஓட்டத்துக்கு, சாய்கிறது. பெரும்பாலும் உடம்பு இறுகியிருக்கும். ‘கதி... மித...’ என்று ஒரு பக்கத்து முன்காலும் மறுபக்கத்துப் பின்காலும் சேர்ந்தால் ட்ராட் என்ற குலுங்கும் ஓட்டத்துக்கு நழுவுகிறது.

சாதாரண நடையிலும் கால்கள் இதே வரிசையில்தான் விழுகின்றன. அதனால்தான் மெதுநடையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். தளர்வான லகானில், நீண்ட அடி வைத்து நடக்கத் தெரியாத குதிரை டோல்ட்டில் மட்டும் எப்படித் தாளம் பிடிக்கும்?

‘அது ரத்தத்திலேயே இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள மாற்றம்தான் டோல்ட், பேஸ் ஓட்டங்களுக்கு வழிவிடுகிறது என்று 2012-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் மரபணு தருவது திறனை மட்டும்தான். முதுகில் ஓர் ஆள் ஏறியதும் சமநிலை மாறிவிடுகிறது, அதைக் குதிரை புதிதாகக் கற்றாக வேண்டும்.

பேஸுக்குச் சாயும் குதிரைக்கு நான் நம்புவது இதைத்தான்: தரையில் கழிகளைப் போட்டு அவற்றின் மேல் ட்ராட், பெரிய வட்டங்கள், தோளை உள்ளே வளைத்துப் பக்கவாட்டில் நகர்த்துவது. கொஞ்ச நேரத்தில் கழுத்து நீளும், மூக்கால் ‘புர்ர்’ என்று ஊதும், சேணத்துக்கடியில் முதுகு அசைவது உங்களுக்கே தெரியும். அப்புறம் மெதுநடையிலிருந்து சில அடிகள் டோல்ட். தாளம் உடையும் முன்பே மறுபடி நடைக்கு இறக்கிவிடுங்கள்.

முன்காலை உயரத் தூக்க வைக்கக் கனமான லாடம், நீளமான குளம்பு என்று குறுக்குவழி தேடுவதை நான் ஏற்கவே மாட்டேன். அமெரிக்காவில் டென்னசி வாக்கர் குதிரைகளின் கால்களில் எரிச்சலூட்டும் ரசாயனம் தடவி, சங்கிலி கட்டி நடக்கவிட்ட கொடுமை இந்த மோகத்தில் வந்ததுதான். 1970-இல் அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள், அப்படியும் முழுதாக ஒழியவில்லை.

நான்கைந்து வயதுக் குதிரையைப் பழக்கக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை வாரத்தில் டோல்ட் வரும் என்று பயிற்சியாளரை நெருக்காதீர்கள். அடுத்த முறை லாயத்துக்குப் போகும்போது, லகானைத் தளரவிட்டு நடக்கவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.