இயல்பை ஒட்டிய வெயில்

ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால், மதியம் வெளியாகும் வானிலை அறிக்கைக்காகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது குடியாத்தத்தில் எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இன்று வந்திருப்பதும் நாம் பலமுறை படித்த வாசகம்தான். அடுத்த ஐந்து நாள்களுக்கு உள் தமிழக மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் அதிகபட்ச வெப்பநிலை படிப்படியாக 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை உயரக்கூடும். கடலோர மாவட்டங்களில் பெரிய மாற்றத்துக்கு வாய்ப்பில்லை. அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் சேர்ந்திருக்கும்போது ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம். கல்யாணப் பந்தியில் இலை கிடைக்கத் தாமதமானால் அதை அசௌகரியம் என்று சொல்லலாம். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள் மே மாத மத்தியானத்தைக் கழிப்பவருக்கு அந்தச் சொல் எப்படிப் போதும் என்று ஒவ்வோர் ஆண்டும் யோசிக்கிறேன். ஆனால் இந்தப் பதிவு அந்தச் சொல்லைப் பற்றியதன்று. அறிக்கையில் வராமல் போகும் இன்னொரு சொல்லைப் பற்றியது.

வெப்ப அலை என்பதை நாம் கடுமையான வெயிலுக்கு இன்னொரு பெயராகத்தான் பயன்படுத்துகிறோம். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு அது அளந்து வைத்த ஒரு சொல். சமவெளியில் ஓர் இடத்தின் அதிகபட்ச வெப்பநிலை முதலில் 40 டிகிரியையாவது எட்ட வேண்டும்; அத்துடன் அந்த நாளுக்குரிய இயல்பைவிட, அதாவது பல ஆண்டுச் சராசரியைவிட, 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடுதலாக இருந்தால் அது வெப்ப அலை, அதையும் தாண்டினால் கடுமையான வெப்ப அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 45ஐத் தொட்டுவிட்டால் வெப்ப அலைதான். இதுவும் போதாது: ஒரு வானிலை உட்பிரிவுக்குள் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள்கள் இப்படிப் பதிவாக வேண்டும்; அதன் பிறகு, இரண்டாம் நாளில்தான் அறிவிப்பு வரும். வால்பாறையும் வேலூரும் நாகப்பட்டினமும் புதுச்சேரியும் காரைக்காலும் அந்தக் கணக்கில் ஒரே உட்பிரிவுக்குள் அடக்கம்.

இனி எங்கள் மாவட்டத்துக் கணக்கைப் பாருங்கள். வேலூரில் மே மாதத் தொடக்கத்தில் அதிகபட்ச வெப்பநிலையின் இயல்பு 39 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் 43.5ஐத் தொடும் வரை இங்கே வெப்ப அலை இல்லை. 42 டிகிரி அடித்தாலும் அறிக்கையில் ‘இயல்பைவிட 3 டிகிரி அதிகம்’ என்ற அளவோடு நின்றுவிடும். அதே வேலூரில் மார்ச் மாத இயல்பு ஏறத்தாழ 35 என்பதால், அப்போது 40 டிகிரி பதிவானாலே தகுதி கிடைத்துவிடும். மார்ச்சில் 40 டிகிரிக்குக் கிடைக்கும் பெயர் மே மாதத்தில் 43 டிகிரிக்குக் கிடைக்காது. பழகாத உடம்புக்கு மார்ச் மாத வெயில் கூடுதல் ஆபத்து என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகிய உடம்பு என்பதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? இந்த வரையறை அளப்பது வெயில் நம்மை எவ்வளவு வருத்துகிறது என்பதையன்று, அது வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான். வழக்கமே கொடுமையாக இருக்கும் ஊர்களுக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

வானிலை மையத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ராஜஸ்தானத்து பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான இதே நாட்டில், எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரு வரையறையை வகுப்பது எளிய வேலையன்று. வானிலையாளர்களுக்கு அது தேவை. அந்த வரையறையையே ஆட்சியரும், தொழிலாளர் துறையும், ஒப்பந்ததாரரும், நாமும் ஆபத்தின் எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டதில்தான் தவறு நடந்திருக்கிறது. ‘வெப்ப அலை எச்சரிக்கை எதுவும் இல்லையே’ என்ற ஒரு வரியைச் சொல்லி மதியம் இரண்டு மணிக்குக் கான்கிரீட் போடச் சொன்ன மேஸ்திரியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உள் மாவட்டங்களில் இந்த வெப்பம் எப்படிச் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் பெரும்பாலான நாள்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்துவிடும். வந்த உடனேயே வெப்பநிலை ஏறுவது நின்றுவிடும். மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று பலமாக இருந்து கடற்காற்றை வரவிடாமல் தடுக்கும் நாள்களில் சென்னை என்ன ஆகும் என்பதற்கு 2003 மே 31 சாட்சி. அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னைக்கு என்றோ ஒருநாள் வரும் அந்த நிலைமை எங்களுக்கு அன்றாடம். கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய காற்று இங்கே வந்து சேர்ந்தால் அது மாலைக்கு மேல்தான், அதுவும் வந்தால்தான்.

மேலே உயர் அழுத்தம் நிலைகொண்டுவிட்டால் காற்று கீழ்நோக்கி இறங்கும். இறங்கும் காற்று அழுத்தப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி வீதம் சூடாகும். அந்த இறக்கம் மேகத்தையும் கூடவிடாது. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகியிருக்கும். கவுண்டன்ய மகாநதியும் பாலாறும் மணலாய்க் கிடக்கும் ஏப்ரலில் அந்தச் செலவு இல்லாததால், விழும் வெயில் அத்தனையும் தரையையும் அதன் மேலுள்ள காற்றையும் சுடுவதற்கே போகிறது. சுற்றியுள்ள குன்றுகளின் பாறைகள் பகலில் வாங்கியதை இரவில் திருப்பித் தருகின்றன. நேற்றைய மிச்சம் ஆறுவதற்குள் இன்றைய வெயில் தொடங்கிவிடுகிறது. முந்தின நாளைவிட அரை டிகிரி கூடுதலாகக் காலை விடியும். மறுநாள் இன்னும் அரை டிகிரி. அறிக்கையில் வரும் ‘படிப்படியாக உயரக்கூடும்’ என்ற இரண்டு சொற்களுக்குள் இத்தனையும் இருக்கிறது.

2024 ஏப்ரல் இறுதியில் ஈரோடு, சேலம், கரூர் பரமத்தி, திருப்பத்தூர், வேலூர் என்று உள் மாவட்டங்கள் நாள்தோறும் 40 டிகிரியைத் தாண்டியபோது நடந்தது இதுதான். உதகையிலேயே 29 டிகிரி பதிவான வாரம் அது. மே மாதம் கோடை மழை வந்து தரையை நனைத்த பிறகே அந்தச் சங்கிலி அறுந்தது.

இங்கே பத்திரிகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலை மையம் செல்சியஸில் சொல்கிறது. செய்தித்தாள்கள் அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி, ‘பதினாறு இடங்களில் வெயில் சதமடித்தது’ என்று கிரிக்கெட் ஆட்டம்போல எழுதுகின்றன. 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ். எண் முழுமையாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு மகிமை எதுவும் கிடையாது. உள் மாவட்டங்களில் மார்ச் கடைசியிலேயே கடந்துபோகும் ஒரு கோட்டைத் தினமும் தலைப்பாக்கினால், மே மாதத்தில் 108 வரும்போது யாருக்குத்தான் அது செய்தியாகப் படும்?

எல்லோரும் பார்ப்பது அதிகபட்ச வெப்பநிலையை மட்டும்தான். சென்ற ஆண்டு மே மாதம் வரை நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவின் கோடியில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தெற்கு பார்த்த ஒற்றை அறை, மேலே சிமெண்ட் ஷீட். தூள் பறக்கும் என்பதால் வேலை நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் முறத்தை மடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு, வேலையெல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தவர் சரிந்து விழுந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். சலைன் ஏற்றி, ஈரத்துணி போட்டு, விடியற்காலையில்தான் தெளிந்தார். வெயிலால் வந்ததுதான் என்று அங்கே சொன்னபோது அவர் என்னைப் பார்த்து, “வெயிலு பக்கமே நான் போகலயே தம்பி, காலையிலேர்ந்து ஊட்டுக்குள்ளதான இருந்தேன்” என்றார். அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாளே ஒரு வெப்பமானி வாங்கி அவருடைய அறையில் மாட்டினேன். அன்று இரவு பத்து மணிக்கு அது 37 காட்டியது. வெளியே தெருவில் அப்போது 32தான் இருந்தது.

நம் உடம்பின் வெப்பமும் 37தான். சுற்றியுள்ள காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை உடம்பு தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது. அதை எட்டிவிட்டால் வியர்வை ஒன்றுதான் வழி. கடலோரத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, அதனால் அங்கே இருப்பவருக்குத் தாம் நீரை இழக்கிறோம் என்பது தெரிகிறது. உள் மாவட்டத்து வறண்ட காற்றில் அது வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடுகிறது. மாலையில் சட்டையின் முதுகில் வெள்ளையாய்ப் படியும் உப்புக் கோடுதான் சாட்சி. ‘எனக்கு அவ்வளவாக வியர்க்கவே இல்லை’ என்று சொல்பவரே ஆபத்தின் அருகில் இருக்கிறார். பகலெல்லாம் இப்படி உழைத்த இதயம் இரவில் இளைப்பாற வேண்டும். அந்த இரவும் 37 டிகிரி அறைக்குள் கழிந்தால், மறுநாள் தொடங்குவது புதிய நாளன்று, முந்தின நாளின் தொடர்ச்சி. மின்விசிறி இருக்கிறதே என்பவர்களுக்கு: காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பை மேலும் சூடாக்கும், அதற்குக் கீழேதான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஷீட் வீட்டுக்குள் மதியம் மூன்று மணிக்கு அந்தக் கோட்டை நாங்கள் எப்போதோ தாண்டிவிடுகிறோம்.

வெப்பமான இரவு என்று வானிலை ஆய்வுத் துறையிடம் தனியாக ஒரு வரையறை இருக்கிறது: அதிகபட்சம் 40க்குக் குறையாத நாளில் குறைந்தபட்சமும் இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இங்கேயும் அதே இயல்பு, அதே விலகல். தவிர, நிலையத்தின் வெப்பமானி இருப்பது திறந்தவெளியில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நான்கடி உயரத்தில். அறிவியலுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரும் குடியிருக்கவில்லை.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. அகமதாபாத்தில் 2010 மே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த நகரம் தன் வெயிலையும் தன் சாவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 2013இல் தனக்கென ஒரு செயல்திட்டம் வகுத்துக்கொண்டது. 43 டிகிரியைத் தாண்டினால் ஆரஞ்சு, 45 என்றால் சிவப்பு என்று நேரடி எண்களில் எல்லை போட்டுக்கொண்டது. இயல்பிலிருந்து எத்தனை விலகல் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. கேரளத்தில் தொழிலாளர் துறை கோடை தொடங்கும்போதே, திறந்தவெளியில் வேலை செய்பவர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 வரை ஓய்வு என்று வேலை நேரத்தை மாற்றி அறிவித்துவிடுகிறது. வெப்ப அலை வரட்டும் என்று காத்திருப்பதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கட்டட வேலைக்குப் போயிருக்கும் கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அதே பிள்ளை விடுமுறைக்கு ஊர் வந்து இங்கே சாரத்தில் ஏறினால் அவனுக்கு அந்த நிழல் கிடையாது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இறந்த பிறகு கிடைப்பதற்கு ஆணை இருக்கும் அளவுக்கு, இறக்காமல் இருப்பதற்கு மதியம் மூன்று மணிநேரம் கிடைப்பதற்கும் ஆணை இருக்க வேண்டாமா? நீர்மோர்ப் பந்தல்களை நான் பழிக்க மாட்டேன், திறப்புவிழாப் படம் எடுத்த மூன்றாம் நாள் பானை காலியாகக் கிடந்தாலும்கூட. சாரத்தின் மேல் நிற்பவருக்கு மோரைவிட முதலில் வேண்டியது இறங்கி வருவதற்கான அனுமதி.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கத்திரியின் நடுப்பகுதியில், லட்சக்கணக்கானோர் தெருவில் நிற்கும் நாள். வீட்டுத் திண்ணைகளில் தண்ணீர்ப் பானை வைத்து, நடக்கும் வழியில் நீர் தெளித்து, வருகிறவர்களை ஊரே பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு நாளுக்கு எந்த எச்சரிக்கை நிறத்துக்காகவும் நாங்கள் காத்திருப்பதில்லை.

வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் நகராட்சித் தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறது. உயரமான கூரை, வடக்குப் பார்த்த நீண்ட தாழ்வாரம், ஆழ்குழாய்க் கிணறு, சுற்றிலும் வேப்பமரங்கள். கோடை விடுமுறைக்காக அது பூட்டிக் கிடக்கிறது. வேலூரில் அதிகபட்ச வெப்பநிலை 41ஐத் தொடும் நாள்களில், இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை அந்தத் தாழ்வாரத்தைத் திறந்துவிட்டு, ஒரு விளக்கும் ஒரு காவலரும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மனுவில் வெப்ப அலை என்ற சொல் எங்குமே இல்லை. முதல் கையெழுத்து பீடி சுற்றும் அக்காவுடையது.