போவிஸ் கோட்டையைக் கட்டியது ராபர்ட் கிளைவ் அல்ல

வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊருக்குப் பக்கத்தில் உள்ள போவிஸ் கோட்டையை ராபர்ட் கிளைவ் இந்தியாவில் கொள்ளையடித்த பணத்தில் கட்டினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொள்ளைப் பொருள்கள் அங்கே இருப்பது உண்மை. கட்டிய கதை தவறு.

அந்தச் செந்நிறக் கல் கோட்டை 13ஆம் நூற்றாண்டில் ஒரு வெல்ஷ் சிற்றரசரின் குடும்பம் எழுப்பியது. 1587இல் ஹெர்பர்ட் குடும்பம் அதை வாங்கி, நீண்ட கூடம் அமைத்து, கோட்டையை மாளிகையாக மாற்றியது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டத் தளங்களும் கிளைவ் காலத்துக்கு முந்தியவைதான். ராபர்ட் கிளைவ் 1774இல் இறந்தார். அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான் அவர் மகன் எட்வர்ட், ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டைக் கல்யாணம் செய்தார். கிளைவ் பணம் அந்த வீட்டுக்குள் வந்தது அந்த உறவால்தான். பழுதுபார்க்கும் வேலைகளுக்கு அது உதவியது.

இந்த எட்வர்டை நாம் மறக்கக்கூடாது. 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர் அவர்தான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது அவர் பதவிக்காலத்தில். திப்பு சுல்தானின் பூவேலை அச்சிட்ட பருத்திக் கூடாரமும், அவர் சிம்மாசனத்தை அலங்கரித்த, ரத்தினம் பதித்த தங்கப் புலித்தலையும் இன்று போவிஸில் இருக்கின்றன. அந்தக் கூடாரத்தைப் பிற்பாடு தோட்ட விருந்துகளுக்கு நிழற்பந்தலாக விரித்திருக்கிறார்கள். நம் கோபம் போக வேண்டிய இடம் இதுதான். கட்டடத்தின் வயதைத் தவறாகச் சொன்னால், இந்தக் கொள்ளையைப் பற்றி நாம் சொல்வதையும் எளிதாகத் தள்ளிவிடுவார்கள்.