விழுந்தவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் முழுக்க எல்லாக் குழுவிலும் அதுதான் ஓடுகிறது. நான் மறுபடியும் இங்கே பகிரப் போவதில்லை. ஒரு ஜூடோ வகுப்பு. நரைத்த தலை, புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டும் வெள்ளை பெல்ட், இரண்டு பக்கமும் பத்து வயதுப் பிள்ளைகள். மாஸ்டர் கைதட்டுகிறார், வரிசை மொத்தமும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. பிள்ளைகள் துள்ளி எழுகிறார்கள். அவர் ஒரு பக்கம் திரும்பி, கையை ஊன்றி, நிதானமாக எழுகிறார். நடந்தது அவ்வளவுதான். அதற்கு ஒரு காமெடி இசையைச் சேர்த்து, விழும் இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டி, "அங்கிள், பேசாம வாக்கிங் போங்க" என்று மேலே எழுதியும் விட்டார்கள்.

அவர் தவறி விழவில்லை. முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள். அவர் விழக் கற்றுக்கொண்டிருந்தார். ஜூடோவில் இன்னொருவரைத் தூக்கி எறியச் சொல்லித்தருவதற்கு முன்னால் சொல்லித்தருவதே இதைத்தான். உகேமி என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், பார்வை தன் பெல்ட் முடிச்சில் இருக்க வேண்டும், முதுகை வளைத்து உருள வேண்டும், முதுகு மேட்டை, அதாவது தரையில் போட்டிருக்கும் பயிற்சி விரிப்பை, தொடும் அதே நேரத்தில் இரண்டு கைகளும் உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை ஒன்றாக மேட்டில் அறைய வேண்டும். மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. இசையை நிறுத்திவிட்டு வீடியோவை மறுபடி பாருங்கள். அவர் தலை மேட்டில் படவே இல்லை. பக்கத்தில் துள்ளி எழுந்த பையன் ஒருவனுக்குப் பட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்க வந்தது உகேமியை அல்ல. நரைத்த தலையை.

நானும் அப்படி ஒரு வரிசையில் நிற்கிறவள்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியும். 48 வயதில் சேர்ந்தேன். முதலில் விசாரித்த இடத்தில், "குழந்தைகளுக்கு மட்டும்தான் மேடம், நீங்க யோகா மாதிரி ஏதாவது பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சேர்ந்த இடத்தில், சுவரோரம் உட்கார்ந்திருந்த பெற்றோர் எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள்: "உங்க பிள்ளை எந்த பேட்ச்?" நான்தான் சேர்ந்திருக்கிறேன் என்றதும் ஒரு அமைதி வரும். கேலிகூட இல்லை, வெறும் அமைதி. அதைத் தாண்டி மேட்டில் கால் வைப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அந்த வீடியோவை வெட்டி ஒட்டியவருக்குத் தெரியாது. தூக்கி எறியப்படுவதுகூடப் பழகிவிடுகிறது, அந்தப் பார்வை பழகவில்லை.

ஏன் சேர்ந்தேன் என்று அப்போது பலர் கேட்டீர்கள். சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என் அம்மா வீட்டுக்குள் விழுந்தார். மாடிப்படியில்கூட இல்லை, நின்ற இடத்தில். கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது உடம்பின் இயல்பு, மணிக்கட்டு முறிவதும் பெரும்பாலும் அப்படித்தான். எலும்பு சேர்ந்தது. பயம் போகவில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நடப்பதைக் குறைத்தார், நடப்பது குறைந்ததும் கால் தளர்ந்தது, கால் தளர்ந்ததால் மறுபடியும் விழுந்தார். இரண்டாம் முறை இடுப்பெலும்பு. அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு இன்னும் முடியவில்லை. அவர் வாழ்க்கையில் ஒருவர்கூட அவருக்கு எப்படி விழுவது என்று சொல்லித்தந்ததில்லை. எப்படிப் பத்திரமாக உட்கார்ந்திருப்பது என்றுதான் எல்லாரும் சொன்னோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். எதிர்பாராத காயத்தால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இந்த வயதில் ஒருவர் விழக் கற்றுக்கொள்வது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

"வாக்கிங் போங்க" என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. நடப்பது நல்லதுதான், நானும் நடக்கிறேன். ஆனால் அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் தசை வலுவும் தரும் பலவகைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. நேர்கோட்டில் நடந்தால் மட்டும் அது கிடைக்காது. ஒற்றைக் காலில் நின்று எடையை மாற்றுவது, தரையில் படுத்து எழுவது, ஒருவர் இழுக்கும்போது நிலை குலையாமல் இருப்பது, ஜூடோ வகுப்பில் ஒரு மணி நேரமும் இதுதான் நடக்கிறது. தரையிலிருந்து யார் துணையும் இல்லாமல் எழுந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

"அடிபட்டா யார் பார்க்கிறது?" இதுதான் எல்லாரும் கேட்பது, நியாயமான கேள்வியும் இதுதான். ஜூடோவில் அடிபடாது என்று சொன்னால் அது பொய். முட்டி, தோள், விரல் மூட்டு எல்லாமே பிரச்சினை தரும். முப்பதுக்கு மேல் தசை குறைய ஆரம்பிக்கிறது, பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் என்று சொல்கிறார்கள். பயிற்சி செய்தால் தசை சீக்கிரம் தேறிவிடும், எலும்போடு அதைப் பிணைக்கும் தசைநாண் அவ்வளவு வேகமாகத் தேறாது. அதனால்தான் கொஞ்சம் பலம் வந்ததும் வேகம் கூட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மேட்டில் இறங்கவே கூடாது. இதை எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மறுபக்கத்தைக் கேட்பதே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் அடிபடாதா? என் அம்மா எந்த மேட்டிலும் ஏறவில்லையே.

உடம்புக்கு இனிமேல் எதுவும் ஏறாது என்பதும் உண்மை இல்லை. 1990இல் வெளியான ஒரு ஆய்வில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான கால் வலுப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் தொண்ணூறு வயதுத் தொடையே கேட்கிறது என்றால் ஐம்பது கேட்காதா? சமையல் கலைஞர் ஆண்டனி போர்டெய்ன் பல வருடம் சிகரெட் பிடித்தவர், 58 வயதில் பிரேசிலியன் ஜியு ஜிட்சு என்ற மல்யுத்தக் கலையை ஆரம்பித்தார், 2016இல் நியூயார்க்கில் தன் வயதுப் பிரிவில் தங்கம் வாங்கினார். அந்த விளையாட்டில் 61 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே தனிப் பிரிவு இருக்கிறது. ஜூடோவில் மூத்தோர் உலகப் போட்டி 30 வயதிலிருந்து ஐந்தைந்து வருடப் பிரிவாக நடக்கிறது. ஆக, உங்கள் அங்கிள் உலகத்தில் முதல் ஆள் இல்லை.

"பிள்ளைகள் வகுப்பில் போய் நின்றால் அவர்களுக்கு இடைஞ்சல்" என்று ஒருவர். இடைஞ்சல் என்று ஒரு பிள்ளையும் என்னிடம் சொன்னதில்லை. முதல் வாரம் என் தாடையில் விரலை வைத்து, "ஆன்ட்டி, முடிச்சைப் பாருங்க, முடிச்சை" என்று விடாமல் சொல்லித்தந்தது மஞ்சள் பெல்ட் கட்டிய ஒரு சின்னப் பெண். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கப் பெரியவர்கள்தான் கற்றுத்தருகிறோம்.

"இந்த வயசுல யாரோட சண்டை போடப் போறீங்க?" இதற்குப் பதில் கிடையாது. பாட்டு கற்றுக்கொள்கிறவரிடம் எந்தக் கச்சேரிக்கு என்று கேட்கிறீர்களா?

உண்மையில் என்னை உறுத்துவது வேறு. வயதுக்கு மரியாதை என்று நாம் சொல்வதெல்லாம், வயதானவர்கள் மூலையில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும்தான். எழுந்து எதையாவது புதிதாகத் தொட்டால், தெரியாமல் திணறினால், வியர்த்தால், மரியாதை அந்த நிமிடமே போய்விடுகிறது. பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். பிள்ளைகளை வளர்க்க, பெரியவர்களைப் பார்க்க, இந்த உடம்பு இருபது வருடமாக எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அப்போது யாரும் "அடிபடும், பார்த்து" என்று சொல்லவில்லை. எனக்காக ஒரு மணி நேரம் அதை எடுத்துக்கொண்டதும் எல்லாருக்கும் அக்கறை வந்துவிட்டது. எங்கள் குடும்பக் குழுவிலேயே அந்த வீடியோவைப் போட்டு, கீழே மூன்று சிரிப்புப் பொம்மை. நான் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்று தெரிந்தேதான் போட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அதை மறைக்க எனக்கு விருப்பமும் இல்லை.

இதற்கு நடுவில் இன்பாக்ஸில் சிலர், நாற்பதுகளில் ஐம்பதுகளில் இருப்பவர்கள், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள். ரத்த அழுத்தம், மூட்டு, எலும்பு எதிலாவது பிரச்சினை இருந்தால் முதலில் மருத்துவர். அப்புறம் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பெரியவர்களை யாரோடு ஜோடி சேர்க்கிறார்கள் என்று கவனியுங்கள். உங்களைவிட ரொம்ப எடை கூடிய இருபது வயதுப் பையனோடு விட்டால் மாஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள், சொல்லலாம், தப்பில்லை. விழுவதை எத்தனை நாள் சொல்லித்தருவீர்கள் என்று கேளுங்கள். முதல் வாரமே ரண்டோரிக்கு, அதாவது எதிராளியோடு நேரடியாக மோதிப் பழகும் பயிற்சிக்கு, இறக்கிவிடுகிற இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். உகேமி சரியாக வரும்வரை வேறு எதுவும் கிடையாது என்று சொல்கிற மாஸ்டர் கிடைத்தால் அன்றைக்கே பணம் கட்டிவிடுங்கள்.