தேக்கு தண்ணீரைத் தேக்குமா?

குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். தண்ணீரைத் தனக்குள் தேக்கி வைப்பதால்தான் அந்த மரத்துக்குத் தேக்கு என்று பெயராம். கீழே வரிசையாகக் கைதட்டல். எனக்குத்தான் கை எழவில்லை. வெயில் ஏறினால் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிற மரத்தைப் போய் நீர்த்தேக்கம் ஆக்கிவிட்டார்களே!

சரி, அவர் வழியிலேயே போவோம். 1840களில் மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். அங்கேயும் மரம் தேக்குதான். ஆனால் மலையாளத்தில் ‘எண்ண தேக்கு’ என்றால் எண்ணெய் தேய் என்று அர்த்தம். சுவர் பூசுவதும் துணிக்கு இஸ்திரி போடுவதும் இதே வினைதான். காதலித்தவரைக் கழற்றிவிட்டாலும் இளவட்டங்கள் ‘தேச்சு’ என்பார்கள். அப்படியென்றால் நிலம்பூர் முழுக்கக் காதல் தோல்வியா?

பர்மாவில் வேடிக்கை இன்னும் கூடும். செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நிற்கும் அந்த பர்மாத் தேக்குக்கு அவர்கள் மொழியில் ‘ச்சூன்’. தீவுக்கும் அதே சொல், அதே எழுத்து. குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் மாற்றினால் அடிமை. ஆண்கள் பணிவாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல்லே அந்த அடிமையிலிருந்து வந்ததுதான், நம் ‘அடியேன்’ மாதிரி. தீவுக்கும் மரத்துக்கும் முடிச்சுப் போட அங்கேயும் ஒரு சித்தப்பா இல்லாமலா இருப்பார்?

ஜாவாவில் தேக்கு ‘ஜாத்தி’. அசல், உண்மையான என்பதற்கும் ஜாத்திதான். நம் ஊர் ஆள் போனால் மரத்துக்குமா ஜாதி என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஓசை ஒன்றாக இருந்தால் உறவும் ஒன்று என்று அடித்துவிடுவதுதான் எனக்கு எரிச்சல். உறவு என்றால் வந்த தடம் இருக்க வேண்டும். தேக்குக்கு அந்தத் தடம் இருக்கிறது. மேற்குக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் கேட்டு எடுத்துக்கொண்ட சொல் ‘தெக்கா’. அது ஆங்கிலத்துக்குப் போய் ‘டீக்’ ஆனது. கட்டுக்கதையை விட இது எவ்வளவு நல்ல கதை!

இதைக் குழுவில் எழுதினேன். அரை மணி நேரத்தில் சித்தப்பா பதில்: “அப்போ நூலகத்துக்கு அவங்க பிப்லியோத்தெக்கானு சொல்றது, புஸ்தகத்தைத் தேக்கு அலமாரியில வைக்கிறதாலதானே?”

இல்லை சித்தப்பா. அந்தத் தெக்கா கிரேக்கச் சொல். பெட்டி என்று அர்த்தம். எழுதி அனுப்புவதற்குள் பன்னிரண்டு பேர் கைதட்டிவிட்டார்கள்.