மஞ்சக் கேள்விக்குறிக்கு ஒரு கும்பிடு

என் கம்பெனிக்கு கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத மானியம், கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5.52-க்கு மெயில். விண்ணப்பத்தோட இணைப்பு ஏழுல கையெழுத்து செல்லாதாம், 48 மணி நேரத்துல சரி பண்ணணுமாம். சந்தேகம் கேக்க ஒரு நம்பர் போட்டிருந்தாங்க. அது திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு மணி வரைக்கும்தான். மிச்சம் எட்டு நிமிஷம். ஏழாவது தடவை அடிச்சப்ப ஒருத்தர் எடுத்தார்.

"சார், டிஜிட்டல் கையெழுத்து போட்டிருக்கேனுங்க."

"போட்டிருக்கீங்க. ஆனா கேள்விக்குறி காட்டுதே."

ஆதார் பிடிஎஃப் இறக்கிப் பார்த்த எல்லாருக்கும் அந்த மஞ்சக் கேள்விக்குறியைத் தெரியும். கையெழுத்து பொய்னு அதுக்கு அர்த்தம் இல்லீங்க. அவர் கம்ப்யூட்டர்ல இருக்கிற பிடிஎஃப் ரீடருக்கு நம்ம நாட்டுச் சான்றிதழ் பழக்கமில்லை, அவ்வளவுதான். ரைட் கிளிக் பண்ணி, இதை நம்பலாம்னு ஒரு டிக் போட்டா பச்சையாயிடும். டிஜிட்டல் கையெழுத்தும் செல்லும்னு சட்டம் வந்தது 2000-ல. அப்பப் பொறந்த குழந்தை இப்ப கம்பெனி ஆரம்பிச்சு எனக்குப் பின்னாடி வரிசையில நிக்குது.

"சார், ரைட் கிளிக் பண்ணிப் பாருங்களேன்."

"நான் எதுக்குங்க பண்ணணும்?"

அதுவும் சரிதான். கிராண்ட் கேக்கறவன் நானு.

"அப்ப என்ன சார் பண்றது?"

"பிரிண்ட் எடுத்து, பேனாவுல கையெழுத்து போட்டு, சீல் வச்சு, ஸ்கேன் பண்ணி ஏத்துங்க. நீல மை. கறுப்புன்னா ஜெராக்ஸ்னு சொல்லிருவாங்க."

"சரிங்க சார்."

"அந்த ஸ்கேன்ல டிஜிட்டல் கையெழுத்து போட்டுருங்க. இல்லாட்டி போர்ட்டல் எடுத்துக்காது."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை.

"போட்டா மறுபடி கேள்விக்குறி வருமே சார்?"

"வந்தா வரட்டும், கீழதான் பேனா கையெழுத்து இருக்குதே."

மணி ஆறு. வச்சுட்டார்.

நான் என்ன ராக்கெட்டா விடப்போறேன்? பொள்ளாச்சியில தேங்காய் நார்த்தூள் கட்டி ஏற்றுமதி பண்றவங்களுக்கு ஒரு கருவி. தூள்ல உப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு கன்வேயர்ல ஓடும்போதே சொல்லும். மண்ணுக்குப் பதிலா செடி வளக்கத்தான் அந்தத் தூளை வாங்கறாங்க. உப்பு நிக்கற தூள்ல செடி கருகிடும், வாங்கறவன் கன்டெய்னரோட திருப்பி விட்டுருவான். இதைச் சொல்ல ஒரே ஒரு கட்டம், 500 எழுத்துக்குள்ள. புள்ளியும் கமாவும் அதுல சேர்த்தி. 'வேற எந்தத் திட்டத்துலயும் காசு வாங்கலை'ன்னு சொல்ற அந்த இணைப்பு ஏழு மட்டும் நாலு பக்கம். வாங்காத காசுக்கு நாலு பக்கம்!

அப்புறம் டிஆர்எல், ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் தயாராயிருக்குன்னு சொல்ற எண். நாசாக்காரன் வச்ச அளவுகோல்; ஒன்பதுன்னா விண்வெளிக்கே போய் வேலை செஞ்சு காட்டின சரக்கு. நார்த்தூளுக்கும் அதே ஒன்பது படிதான். போன வருஷம் மூணுன்னு போட்டேன், 'இன்னும் பக்குவப்படலை'ன்னாங்க. இந்த வருஷம் ஆறுன்னு போட்டா, 'இவ்வளவு தூரம் வந்தவருக்கு கிராண்ட் எதுக்கு?'ன்னு கேக்கறாங்க. பொண்ணு பார்க்க வந்தவங்க கூட இவ்வளவு நொட்டை சொன்னதில்லை.

கம்பெனி ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கணும், ஆனா மூணு வருஷ ஆடிட் கணக்கு வேணும்ங்கிற விதியைப் பத்திப் பேசினா பிபி ஏறுது, விடுங்க. சென்சாருக்கு மூணு கொட்டேஷன் கேட்டிருக்காங்க. அதை விக்கறவர் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். "கவலைப்படாதீங்க தம்பி, மூணு பேர்லயும் நானே தர்றேன்"ங்கறார். விலை மட்டும் மூணுலயும் ஏறிக்கிட்டே போகுது. இந்த நாட்டுல புதுமை எங்க நடக்குதுன்னு அவரைத்தான் கேக்கணும்.

கடைசியில ராத்திரி எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடை. நீல மை தெரிய கலர்ல ஸ்கேன் பண்ணினா அஞ்சு எம்பி. போர்ட்டலுக்கு ரெண்டு எம்பிதான் ஆகும். சுருக்கினா சீல்ல இருக்கற கம்பெனி பேரு பொரிச்ச அப்பளம் மாதிரி ஆயிடுது. கடைக்கார அண்ணன் நாலாவது தடவை சுருக்கிட்டே கேட்டார்:

"ஸ்காலர்ஷிப்பா தம்பி, முதியோர் பென்ஷனா?"

"கிராண்ட்டுங்கண்ணா. வந்து சேரும்போது பென்ஷன் வயசாயிருக்கும்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். நான் கொஞ்சம் அதிகமாவே சிரிச்சுட்டேன் போல, கடையில இருந்த காலேஜ் பொண்ணு தள்ளிப் போய் நின்னுக்குச்சு.

பக்கத்துக் கடையில டீ குடிச்சேன். பதினஞ்சு ரூபாய் ஆக்கிட்டாங்க, சரி. டம்ளரை எதுக்குங்க சின்னதாக்கினீங்க?