மூன்றாவது ஆட்டம் நடக்கவே இல்லை

சனிக்கிழமை இங்கே ஆஸ்திரேலியாவில் நம் சங்க விளையாட்டு விழாவில் அந்த அண்ணன் மேடையில் பேசியதை இதற்குள் நீங்கள் எல்லோரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அயர்லாந்திடம் ஆஸ்திரேலியப் பெண்கள் கால்பந்து அணி தோற்ற கணக்கை "134க்கு 15" என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதும், கூட்டம் சிரித்ததும், "அதோடு பெண்கள் அணியை மூட்டை கட்டிவிட்டார்கள்" என்று அவர் முடித்ததும் இரண்டு நாளாக என் காதை விட்டு அகலவில்லை. அன்று வாங்கிய பதக்கங்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள்.

அவர் சொன்ன எண் சரிதான். 2006 அக்டோபர் இறுதியில் அயர்லாந்தின் கேவன் நகரத்துப் பிரெஃப்னி பார்க் மைதானத்தில் ஆஸ்திரேலியப் பெண்கள் அணி அப்படித்தான் தோற்றது. ஆனால் அதே வாரத்தில் டப்ளினின் பார்னெல் பார்க்கில் இரண்டாவது ஆட்டமும் நடந்தது. அதன் முடிவு 39க்கு 18. 119 புள்ளியாக இருந்த வித்தியாசம் சில நாளில் 21 ஆகச் சுருங்கிவிட்டது. இந்த எண்ணை அவர் ஏன் சொல்லவில்லை? அதற்குப் பிறகு மூன்றாவது ஆட்டம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. பெண்களுக்கான சர்வதேச விதிக் கால்பந்துத் தொடர் அந்த ஒரே முறையோடு நின்றுவிட்டது.

இந்த ஆட்டம் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தையும் நாம் ஃபுட்டி என்று சொல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்தையும் கலந்து உருவாக்கியது. வலைக்குள் அடித்தால் 6 புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 3, கோல் கம்பத்துக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையே போனால் 1. எதிராளியை மடக்கிப் பிடிப்பதும், உதைத்து வரும் பந்தைத் தாவிப் பிடித்தால் தடையின்றி அடுத்த உதையை எடுப்பதும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. பந்தோ கேலிக் பந்து. அது உருண்டைப் பந்து. நீள்வட்டப் பந்தோடு வளர்ந்த கால்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

என்னோடு இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர் கேவனில் பிறந்து வளர்ந்தவர். போன கோடையில் ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்கு ஒரு கேலிக் பந்தைக் கொண்டு வந்தார். என் மகள் மூன்று ஆண்டுகளாக ஃபுட்டி ஆடுகிறவள். வழக்கம்போலப் பந்தை இரண்டு கையாலும் பிடித்து, கால்மேல் விட்டு உதைத்தாள். பந்து நேரே போகாமல் பக்கவாட்டில் பறந்து ஊஞ்சலுக்குப் பின்னால் போய் விழுந்தது. பத்து முறை உதைத்தாள், பத்து முறையும் அப்படியே. ஓடிக்கொண்டே பந்தைக் கால் நுனியில் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்கும் வித்தையை அவர் சொல்லிக் கொடுத்தபோது, முதல் தட்டிலேயே பந்து இவள் முகத்தில் பட்டது. மறுநாள் மாலை நான்கில் ஒன்று நேராகப் போனது. மூன்றாம் நாள் அவள் என்னை வீட்டுக்குப் போகவிடவில்லை. பார்னெல் பார்க்கின் 39க்கு 18 என்பதை நான் படிக்கும்போதெல்லாம் அந்த இரண்டாம் நாள் மாலைதான் நினைவுக்கு வருகிறது.

அயர்லாந்துப் பெண்களும் சம்பளம் வாங்காமல் ஆடியவர்கள்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர்களுக்கு 1974 முதல் தனிச் சங்கமும், ஊருக்கு ஊர் அணிகளும் இருந்தன, கையில் இருந்ததும் அவர்களுடைய பந்து. ஆஸ்திரேலியப் பெண்களுக்கு 2006இல் தேசிய அளவில் ஒரு லீக் கூடக் கிடையாது. பெண்களுக்கான ஃபுட்டி லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூ தொடங்கியதே 2017 பிப்ரவரியில்தான்.

பெண்கள் தொடர் நின்றதற்குப் பெரிய தோல்விதான் காரணம் என்றால், ஆண்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2013இல் ஆஸ்திரேலிய ஆண்கள் அணி அதே பிரெஃப்னி பார்க்கில் தோற்றது, பிறகு டப்ளினின் குரோக் பார்க்கில் 116க்கு 37 என்று தோற்றது. இரண்டு ஆட்டங்களிலும் அயர்லாந்து சேர்த்த மொத்தம் 173. 2006இல் அயர்லாந்துப் பெண்கள் சேர்த்த மொத்தமும் அதே 173. ஆனால் அந்த ஆண்களை யாரும் மூட்டை கட்டவில்லை. மறு ஆண்டே பெர்த் நகரில் அவர்களுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது, 56க்கு 46 என்று வென்றார்கள். தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள், அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பெண்களுக்கும் அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

பெண்கள் இரண்டாவது ஆட்டம் ஆடிய அதே 2006 நவம்பரில் குரோக் பார்க்கில் 82,000 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க ஆண்கள் ஆட்டத்தில் கைகலப்பு மூண்டது, ஒரு வீரர் நினைவிழந்து மருத்துவமனைக்குப் போனார். அதனால் 2007 தொடரை நிறுத்தினார்கள், 2008இல் மறுபடி தொடங்கினார்கள். அடித்துக்கொண்டவர்களுக்கு ஓராண்டு இடைவெளி. அதே வாரத்தில் ஆடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போன பெண்களுக்கு முடிவே வந்துவிட்டது.

பெண்கள் தொடரை மறுபடி நடத்தப் பணம் யார் கொடுப்பார், பார்க்க யார் வருவார் என்கிறார்கள். 2019இல் அடிலெய்டில் ஏஎஃப்எல்டபிள்யூ இறுதியாட்டத்துக்கு 53,034 பேர் வந்தார்கள், அதே ஆண்டு டப்ளினில் பெண்கள் கேலிக் இறுதியாட்டத்துக்கு 56,114 பேர் வந்தார்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை. இரு நாட்டுப் போட்டிகளின் கால அட்டவணை இடிக்கும் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இடிக்கும்தான். மனமிருந்தால் இரண்டு வாரம் கண்டுபிடிப்பார்கள்.

அயர்லாந்துப் பெண்கள்தான் இங்கேயே வந்து ஆடுகிறார்களே, தேசிய அணி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஆடுகிறார்கள். கேவனைச் சேர்ந்த லாரா காரிகன் டுரியா ஏஎஃப்எல்டபிள்யூவின் முதல் பருவத்திலேயே மெல்பர்ன் அணிக்கு ஆடினார். மேயோ மாவட்டத்தின் கோரா ஸ்டான்டன் முப்பத்தைந்து வயதுக்குமேல் சிட்னியின் ஜிடபிள்யூஎஸ் அணிக்கு வந்து புது ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். 2019இல் அடிலெய்டு கோப்பை வென்றபோது கிளேர் மாவட்டத்தின் ஐலிஷ் கன்சிடைன் அந்த அணியில் இருந்தார். அவர்கள் வந்ததால் நாம் ஜெயித்தோம், நம் கிளப்புகள் வளர்ந்தன. அவர்கள் தங்கள் நாட்டுப் பச்சைச் சட்டையைப் போட்டு நம் பெண்களுக்கு எதிராக ஓடுவதை மட்டும் நாம் பார்க்க முடியாதா?

"புலம்பெயர்ந்து வந்த உங்களுக்கு இதில் என்ன வந்தது அக்கா?" என்று கேட்ட தம்பிக்கு: பதினான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிறேன். ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பணி முடித்து வந்து, தூங்காமல், குளிரில் மைதான ஓரத்தில் ஆரஞ்சுப் பழம் நறுக்கிக்கொண்டு நிற்கிறேன். என் மகள் இந்த நாட்டின் பிள்ளை. அவள் அணியின் முதல் ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அன்று யாராவது அந்தக் கணக்கை மேடையில் வாசித்துச் சிரித்திருந்தால் அவள் அடுத்த வாரம் காலணியைக் கட்டியிருக்க மாட்டாள். அந்த அண்ணன் நல்லவர், நம் பிள்ளைகளுக்காக அவர் அலைந்த அலைச்சலும் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

விழா முடிந்து காரில் வரும்போது என் மகள் கேட்டாள்: "அம்மா, அந்த டீம்ல இப்ப யாரு இருக்காங்க?" யாருமில்லை என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கராஜிலிருந்து அந்த உருண்டைப் பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, காற்று குறைந்திருக்கிறது என்றாள். பம்பு வாங்கி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மாலை கேவன்காரர் பூங்காவுக்கு வருகிறார்.